சொல்லிச் செய்யும் கெரிஸ்: பிரிஞ்சாங்கிலிருந்து குவாலா கங்சாருக்கு

வீட்டில் தலைமுறைக்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளையோ குறுவாளையோ சொல்லிச் செய்ய நினைக்கும் மலேசியத் தமிழருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடல் கடந்து சிவகங்கைச் சீமைக்குப் போவது. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி அங்கேதான் இருக்கிறது. மற்றது, இருக்கும் நாட்டிலேயே உலை ஊதிக்கொண்டிருக்கும், மலாய்க் குறுவாளான கெரிஸைச் செய்யும் கொல்லர்களைத் தேடிப் போவது. கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் குடியிருப்பவருக்கு இந்த இரண்டாம் வழி ஒரு பகல் பயணத்தில் அடங்கிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கி ஈப்போவைத் தாண்டினால் பேராக்கின் அரச நகரமான குவாலா கங்சார் வந்துவிடும். சொன்ன பொருள் கைக்கு வந்து சேரத்தான் மாதங்கள் ஆகும்.

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே நிற்கும் பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த மலைக்கு ஏறும் குறுகலான சாலையில்தான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ நிறுவனத்தின் தோட்டங்களில் இதுவும் ஒன்று. மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885இல் நில அளவைக்காக இங்கே வந்தவர். காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு. இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தினரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. தமிழர் பலர் காய்கறித் தோட்டத்துக்கும் கடைகளுக்கும் லாரி ஓட்டவும் போய்விட்டார்கள்.

வாளுக்குப் பேர்போன ஊர் அல்ல இது. ஆனாலும் இரும்பின் அலகு இந்த மலை வாழ்க்கையில் ஊறிப் போயிருக்கிறது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தண்டோடு குறைத்து வெட்டுவதற்குக் கவாத்து என்று பெயர். கவாத்துக் கத்தியின் முனை சற்று வளைந்திருக்கும். சாய்வாக, ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். வெட்டுவாய் பிசிறினாலோ, தண்டு பிளந்தாலோ, மழை நீர் தங்கித் தண்டு அழுகும். ஆகவே கவாத்துக்காரர் இடுப்பில் சாணைக் கல் இல்லாமல் கிளம்ப மாட்டார். காடு வெட்டவும் புல் சீவவும் பாராங் கத்தி. தோட்டத்து ஓரத்து முனியாண்டி சன்னிதிகளில் அரிவாள் நட்டு வைத்திருக்கும்; அதை வேலைக்கு எடுப்பதில்லை. உழைக்கும் கத்தி, வணங்கும் அரிவாள் என்ற இந்த இரண்டையும் அறிந்த ஒருவருக்கு, மூன்றாவதாக ஒன்றைக் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளும் ஆசை வருவதில் வியப்பு இல்லை.

பிரிஞ்சாங்கிலிருந்து இறங்க இரண்டு சாலைகள். தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்குவது வெள்ளைக்காரர் காலத்துப் பழைய சாலை. வளைவுக்கு மேல் வளைவு. குவாலா கங்சாருக்குப் போகிறவர்கள் எதிர்த் திசையில், கீ ஃபார்ம், திரிங்காப், கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் அகலமான சாலையைப் பிடிப்பது மேல். பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் குடில்கள் முடிந்ததும் காடு தொடங்குகிறது. காடு முடியும் இடத்தில் காது அடைப்பு விட்டு, வெக்கை முகத்தில் அடிக்கிறது. சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக் குன்றுகளைக் குடைந்தெடுக்கும் கல்லுடைப்பு ஆலைகள். அங்கிருந்து ஈப்போ, அப்புறம் வடக்கே குவாலா கங்சார்.

பேராக் ஆற்றின் கரையில் அமைந்த இந்தச் சிறு நகரத்தில் கூர்மையான உலோகத்துக்கு அரச மதிப்பு உண்டு. பேராக் சுல்தானின் அரசுரிமைச் சின்னங்களில் தாமிங் சாரி என்ற கெரிஸும், சூரா சி மஞ்சாக்கினி என்ற வாளும் இருக்கின்றன. மலாய் அரச மரபுகளைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’ அந்த வாளை, பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்றிய சாங் சபுர்பாவினுடையதாகக் கூறுகிறது. மினாங்கபாவில் பெரும்பாம்பு ஒன்றைக் கொன்றபோது வாளின் வாய் பல இடங்களில் முறிந்தது என்பது கதை. முறிந்த வாய் அந்த வாளின் மதிப்பைக் குறைக்கவில்லை, கூட்டியது. இதே நூலில் ராஜா சூலான் என்ற பெயரில் ஒரு சோழ மன்னரும் மலாய் அரச வமிசத்தின் முன்னோர்களில் ஒருவராக வருகிறார். 1025இல் முதலாம் ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிய நிகழ்ச்சியின் நினைவு எவ்வளவு தூரம் உருமாறி அரச குலக் கதைக்குள் குடியேறியிருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர் இங்கே கவனிக்கலாம்.

புக்கிட் சாண்டான் மேட்டில் இருக்கும் இஸ்தானா கெனாங்கானையும் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். 1926இல் ஆணி அடிக்காமல், வரைபடம் போடாமல் கட்டிய மர மாளிகை அது. உறையில் செருகிய வாளின் வடிவத்தில் அதன் தரைத்தளம் அமைந்திருப்பதாகச் சொல்வார்கள். மூங்கிலைப் பிளந்து பின்னிய சுவர்களில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்சதுரக் கட்டங்கள். பேராக் அரச நிறங்கள் வெள்ளை, மஞ்சள், கறுப்பு. இதற்குக் கொஞ்ச தூரத்தில், அதே அரச வட்டாரத்தைச் சேர்ந்த பாடாங் சங்காட் கிராமத்தில், கெரிஸ் பட்டறை இருக்கிறது. அரண்மனையின் நிழலில் கொல்லர் வாழ்ந்தது தற்செயல் அல்ல. அரசர்களும் பிரபுக்களும் சொல்லிச் செய்த காலத்தில்தான் இந்தத் தொழில் உயர்ந்தது. அவர்கள் கை சுருங்கியபோது கொல்லர்கள் பாராங் கத்திக்கும் அரிவாளுக்கும் திரும்பினார்கள்.

கெரிஸ் என்பது மலாய் உலகம் முழுவதற்கும் பொதுவான குறுவாள். இருபுறமும் வாய் கொண்டது, அடியில் ஒருபக்கம் அகன்று நீண்டது. 2005இல் யுனெஸ்கோ இந்தோனேசியக் கெரிஸை மனித குலத்தின் வாய்மொழி, அருவ மரபுகளின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. 1989இல் வெளிவந்த மலேசிய 1 ரிங்கிட் நாணயத்தில் இருந்ததும் கெரிஸ்தான். அதைப் பற்றிய பழைய ஆங்கில நூல்களில் முக்கியமான ஒன்றை, ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரல்டு கார்ட்னர் 1936இல் வெளியிட்டார். வாளே வேண்டும் என்பவர்களுக்கு சுண்டாங் என்ற பெரிய வகை உண்டு. வெட்டுவதற்கு ஏற்ற அகலமும் கனமும் கொண்டது அது. குத்துவதற்கான சாதாரணக் கெரிஸின் அலகு பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். முதன்முறை சொல்லிச் செய்பவர் சாதாரணக் கெரிஸைக் கேட்பதே நல்லது. அலகு சிறியதாக இருக்கும்போது கொல்லரின் கை நுட்பம் தெளிவாகத் தெரியும். பிற்காலத்தில் பராமரிப்பதும் எளிது.

பட்டறைக்குப் போனதும் விலை பேசக்கூடாது. மலாய்க் கொல்லர் முதலில் கேட்பது, எதற்காக, யாருக்காக என்பதைத்தான். மணமகன் இடுப்பில் செருகும் கெரிஸ் ஒன்று, சுவரில் மாட்டும் கெரிஸ் வேறு, சிலாட் தற்காப்புக் கலை ஆசானுக்கான கெரிஸ் இன்னொன்று. வைத்திருக்கப் போகிறவரின் உடலுக்கு ஒத்து அளவு வைப்பது பழைய முறை. கட்டை விரல்களை அலகின் மேல் மாற்றி மாற்றி வைத்து, அடியிலிருந்து நுனி வரை வாய்பாடு சொல்லி எண்ணுவார்கள். கடைசி விரலுக்கு வரும் சொல் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதும் அதனோடு சேர்ந்தது. நம்பிக்கை இல்லாதவரும் இதை ஒதுக்க வேண்டியதில்லை. தன் கைக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்க்க வைத்த ஏற்பாடு இது.

அடுத்தது வளைவு. அலகு நேராகவும் இருக்கலாம், பாம்பு போல நெளிந்தும் இருக்கலாம். நெளிவுகள் ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்பது விதி. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று போகும். நெளிவு கூடினால் மதிப்புக் கூடும் என்று நினைத்து அதிக எண்ணிக்கை கேட்பவர்கள் உண்டு. அது தவறான ஆசை. தேர்ந்த கையால் அடித்த நேர் அலகில் ஒளிய இடமில்லை; நடு முதுகு நுனி வரை கோணாமல் ஓடுகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கைப்பிடி உருவத்தைப் பேசும்போது தமிழர் ஒரு விஷயத்தில் நிதானமாக இருக்க வேண்டும். தீபகற்பத்தில் பரவலான ஜாவா டெமாம் பிடி, குளிரில் உடலை ஒடுக்கிக் குந்தியிருக்கும் மனிதனைப் போலத் தலை சாய்ந்து நிற்கும். வடக்கே கிளந்தான், பட்டாணி பக்கத்தில் நீண்ட மூக்குடைய பிடி வரும். குலதெய்வத்தின் உருவத்தைச் செதுக்கித் தரும்படி ஒரு முஸ்லிம் கைவினைஞரிடம் கேட்டால் அவர் தயங்கலாம். தயங்கினால் வற்புறுத்துவது முறையல்ல. மரபான பிடியையே வாங்கிக்கொண்டு, குடும்ப அடையாளத்தை வெள்ளிப் பூணிலோ உறையிலோ கொடி, பூ வேலைப்பாடாக வைக்கச் சொன்னால் இருவருக்கும் சங்கடம் இல்லை.

உலை வேலை தொடங்குவதற்கு நாள் பார்க்கும் கொல்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் தட்டாசாரி தட்டில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்துத் தொடங்குவது போல, கெரிஸ் கொல்லரும் பிரார்த்தனை செய்துதான் முதல் இரும்பை உலையில் வைக்கிறார். வெவ்வேறு இரும்புகளைத் தகடு தகடாக அடுக்கி, இடையில் ஊடுருவும் கசடு உருகி ஓட வெங்காரம் தூவி, வெள்ளை நிறத்தை நெருங்கும் சூட்டில் அடித்து ஒட்டுவது முதல் வேலை. ஒட்டிய கட்டியை நீட்டி, மடித்து, மறுபடி ஒட்டுவார்கள். நிக்கல் கலந்த அடுக்கு பளபளக்கும், சாதாரண இரும்பு கறுக்கும். பல முறை மடித்த பிறகு நீர் ரேகை போன்ற கோலம் அலகின் மேல் வரும். இதற்குப் பாமோர் என்று பெயர். ஜாவாவில் 18ஆம் நூற்றாண்டில் பிரம்பானானுக்கு அருகே விழுந்த விண்கல்லின் இரும்பைச் சுராகார்த்தா அரண்மனைக் கொல்லர்கள் இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் கல்லில் நிக்கல் இருந்ததே காரணம். இன்று நிக்கல் தகட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் பழைய உருக்கு வேறு வகையில் கோலம் காட்டியது. மேல்சிறுவளூரிலும் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலிலும் கிடைத்த சான்றுகள், மண் மூசைக்குள் இரும்பைக் கரியோடு சேர்த்து உருக்கியதைக் காட்டுகின்றன. அங்கே கோலம் கட்டியின் உள்ளேயே பிறந்தது. ஆறும்போது கரிமம் பிரிந்து நிற்கும் விதத்தால் வந்தது. கெரிஸின் கோலம் சம்மட்டியால் வருவது. பழைய டமாஸ்கஸ் வாள்கள் என்று மேற்கத்தியச் சந்தைகளில் புகழ்பெற்றவற்றில் பலவற்றுக்கு அடிப்படை இந்திய உருக்குக் கட்டிகள்தான். இப்போது ‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை கெரிஸைப் போல அடுக்கி அடித்தவை. வாங்குகிறவர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் விளம்பரச் சொல்லுக்குப் பணம் கொடுக்க மாட்டார்.

வடிவம் வந்த பிறகு தோய்ச்சல். பட்டறையை ஏன் இருட்டாக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கொல்லர் சூட்டை நிறத்தால் படிக்கிறார். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே, செம்பழ நிறத்தில், அலகை எண்ணெயில் இறக்குவார்கள். சட்டென்று ஆறும் உருக்கு கண்ணாடி போல இறுகும், அதே கணத்தில் கண்ணாடி போல உடையவும் கூடும். பல மணி நேர உழைப்பு ஒரு நொடியில் வெடித்துப் போவது இந்தக் கட்டத்தில்தான். தப்பியதை 200 டிகிரிக்குச் சற்று மேலே மறுபடி மெல்லச் சூடாக்கினால், தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் ஓடும். அந்த நிறத்தில் நிறுத்தினால் வாயும் நிற்கும், அலகும் ஒடியாது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கும் பாராங் கத்திக்கும் இதே பதம்தான். கவாத்துக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக எலுமிச்சை. அலகை அரத்தால் தேய்த்து முடித்தபின், எலுமிச்சைச் சாற்றில் துடைக்கிறார்கள், சிலர் ஊற வைக்கிறார்கள். அமிலம் சாதாரண இரும்பை அரித்துக் கறுக்கச் செய்யும். நிக்கல் அடுக்கு வெள்ளையாக மிஞ்சும். ஜாவாவில் இதனோடு பாஷாணமும் சேர்ப்பார்கள். வீட்டில் வைத்துக் கையாளப் போகும் கெரிஸுக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நச்சு அது.

அலகு முடிந்தால் கெரிஸ் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அலகைக் கொல்லர் செய்கிறார். பிடியைச் செதுக்குகிறவர் பெரும்பாலும் வேறொருவர். உறையும் அதன் மேற்பகுதியான சம்பீரும் மர வேலைக்காரருடையது. பிடியும் அலகும் சேரும் இடத்துப் பூண் வெள்ளி வேலைக்காரருடையது. ஒருவருடைய வேலை முடியாமல் அடுத்தவர் அளவெடுக்க முடியாது. மாதங்கள் நீளுவதற்கு முதல் காரணம் இது. பிடிக்குக் கெமுனிங் மரத்தை விரும்புவார்கள். இழை இறுக்கமாக, தேன் நிறத்தில், தேய்க்கத் தேய்க்க மெருகேறும். நல்ல கட்டை கிடைக்கும்வரை காத்திருப்பதில் நட்டம் இல்லை.

பிடி அலகோடு நிரந்தரமாக ஒட்டுவதில்லை. அலகின் காம்பில் துணி சுற்றி இறுக்கிச் செருகுகிறார்கள். ஆகவே பழைய கெரிஸ்களில் அலகு ஒரு தலைமுறையினுடையதாகவும், பிடி அடுத்ததினுடையதாகவும், உறை அதற்கும் அடுத்ததினுடையதாகவும் இருப்பது சர்வ சாதாரணம். குடும்பச் சொத்தாகச் செய்பவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாவிட்டால் அலகுக்குக் கொடுத்துவிட்டு, உறையை எளிய மரத்தில் வாங்கிக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் வெள்ளி போடட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. அலகின் நடுப்பகுதி தடித்து, வாய்க்கும் நுனிக்கும் போகப் போக மெலிய வேண்டும். எங்கும் ஒரே தடிமனாக இருந்தால் அது தகட்டை வெட்டி வளைத்தது. சுற்றுலாக் கடைகளில் கண்ணாடி போல மின்னுபவை பெரும்பாலும் அந்த வகை. அடியில் தனித் துண்டாக வரும் கஞ்சாவை அலகோடு சேர்த்து விளக்கின் எதிரே பிடித்தால், இடைவெளியில் வெளிச்சம் தெரியக்கூடாது. மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வது வாங்குகிறவரின் உரிமை. நல்ல கொல்லர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

சட்டம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மலேசியாவில் அரிக்கும் பொருட்கள், வெடிபொருட்கள், ஆபத்தான ஆயுதங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது சிறைக்குரிய குற்றம். ஆகையால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரக் காவல் நிலையத்தில் விசாரித்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் கெரிஸைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டி, கொல்லரின் ரசீதோடு நேரே கொண்டுவர வேண்டும். வழியில் தேநீர்க் கடையில் எடுத்துக் காட்டக்கூடாது. திருப்பாச்சேத்தி வழியைத் தேர்ந்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். இந்திய ஆயுதச் சட்டம் 1959இன் கீழ் வந்த விதிகள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உரியவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் ஆயுதங்களைத் தனி வகையாகச் சேர்க்கின்றன. அங்கே அனுமதி, இங்கே சுங்கம் என்று இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும்.

மலை ஏறியபின் தொடங்குகிறது கெரிஸின் உண்மையான சோதனை. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மாலையில் மூடுபனி சன்னல் வழியே வீட்டுக்குள் வரும். அலமாரியில் துணி பூசணம் பிடிக்கும் ஊரில் இரும்பு துருப்பிடிக்க வாரங்கள் போதும். அதனால் பிரிஞ்சாங் வீட்டில் கெரிஸைச் சுவரில் மாட்டுவது அழகாக இருக்கலாம், நல்லதல்ல. அலகின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்க வேண்டும். மலாய் வீடுகளில் சந்தன எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் தடவுவது வழக்கம். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் காறி, பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். மர உறை ஈரத்தை உறிஞ்சும். மழைக் காலத்தில் அலகை உறையிலிருந்து எடுத்து, மெழுகுத்தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. வெறும் விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பு ரேகையாகத் துரு வரையும் என்பதால், பார்த்து முடித்ததும் துடைக்காமல் உறையில் போடக்கூடாது.

ஆயுத பூஜைதான் தமிழ் வீட்டில் இதற்கு ஆபத்தான நாள். சந்தனம் ஈரம். குங்குமம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேலின் நுனியிலும் சூலத்தின் முனையிலும் குத்துவது போல எலுமிச்சையைக் கெரிஸ் நுனியில் குத்தினால், கொல்லர் கோலத்தை எழுப்பப் பயன்படுத்திய அதே அமிலம் அலகைத் தின்னத் தொடங்கும். கொல்லர் கோலம் எழுந்ததும் சாற்றைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டுவிடுகிறார். பூஜையில் அது இரவெல்லாம் இருக்கிறது. பொட்டை உறையின் மரத்தில் வைத்து, பழத்தைத் தட்டில் வைத்தால் வழிபாட்டுக்குக் குறை எதுவும் இல்லை. அலகில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், கற்பூரம் காட்டி முடித்த அன்றே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். முக்கியமான வேலை என்பதால் அதை ஒரு பிள்ளையின் பொறுப்பில் விடலாம். பெட்டியைத் திறக்கப் பழகாத பிள்ளை பிற்காலத்தில் அதை விற்கத்தான் பார்க்கும்.

சொல்லிச் செய்த பொருளோடு ஒரு தாளும் பெட்டிக்குள் போக வேண்டும். எந்த ஊர்ப் பட்டறை, எந்த ஆண்டு, அலகுக்கு எந்த இரும்பு, பிடிக்கு எந்த மரம், யார் சொல்லி யாருக்காகச் செய்தது என்பவற்றை மசி அழியாத பேனாவால் தமிழிலும் மலாயிலும் எழுதி வைக்கலாம். அடியில், ஒவ்வொரு முறை எண்ணெய் போட்ட தேதியையும் போட்டவர் பெயரையும் குறிக்க இடம் விட வேண்டும்.